வெங்காயக் கலர் ஹாட் ராட்

அந்தக் காலையில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சாவியைத் திருப்பினேன். முகப்பு விளக்கு எரியவில்லை.

2. ஹாரனை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக டாஷ்போர்டுக்குள் ஏதோ ஓடியது.

3. டாஷ்போர்டைக் கழற்றினேன். நூல் சுற்றிய வயர் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி மட்டும் பளபளத்தது. நூலைக் காணோம்.

4. நூல் பின் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. வட்டமாக, பஞ்சு மெத்தை மாதிரி. அதன் நடுவில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள்.

5. கத்தினேன்.

6. பத்மா அக்கா மில்லிலிருந்து ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார். "ஐயோ, மெதுவாப் பேசு தேனு. தூங்குதுங்க பாரு" என்றார்.

புதுச்சேரியில் நடக்கும் பழைய கார்க் கண்காட்சிக்கு அப்போது ஒரு வாரம்கூட இல்லை.

புதிதாக வந்தவர்களுக்கு

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்குப் பத்மா அக்காவைத் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சுருக்கமாக.

செஞ்சியில் 'நயினார் மில்' என்றால் யாரும் வழி சொல்வார்கள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை ஆட்டி எண்ணெய் எடுக்கும் மில். தமிழ்ச் சமணக் குடும்பம். இப்போது அதை நடத்துவது பத்மாவதி அக்கா. நாற்பதைத் தாண்டியவர். வல்லம் கூட்டு ரோட்டில் அவர் ஸ்கூட்டர் திரும்பினால் டீக்கடைக்காரர்கள் பெஞ்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

மில் குடோனின் பின்பாதிதான் என் ஷெட். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலையை விட்டுவிட்டு, பழைய வண்டிகளைக் கட்டப்போகிறேன் என்று ஊருக்கு வந்தபோது, இடம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். முதல் வண்டியையும் அவரே கொடுத்தார். அவர் மாமனார் ஓட்டிய கார். புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் பல வருடம் கிடந்தது. எந்தக் கம்பெனி வண்டி என்று எழுத மாட்டேன். எழுதினால் அந்தக் கம்பெனியின் ரசிகர்கள் எனக்குப் பாடம் எடுப்பார்கள்.

"அப்படியே பழசு மாதிரி ஆக்கிக் குடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"பழசு மாதிரி இருந்தப்பவே அது மேட்டுல ஏறாது. பறக்கற மாதிரி பண்ணிக் குடு."

அப்படித்தான் அது ஹாட் ராட் ஆயிற்று. பழைய காரின் உடம்பை வைத்துக்கொண்டு, தேவையில்லாத தகரத்தை அறுத்தெறிந்து, தாழ்த்தி, பெரிய இன்ஜினை உட்கார வைத்தால் அதன் பெயர் ஹாட் ராட். எங்கள் வண்டிக்குள் உட்கார்ந்தது ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பின் இன்ஜின். அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கிய கதையை ஏற்கெனவே எழுதிவிட்டேன். இரண்டாவது முறை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

என் விதி

ஹாட் ராட் கட்டுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, பிடித்ததையெல்லாம் பூட்டும். இன்னொரு கட்சி ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இந்த வண்டி புதிதாக இருந்த காலத்து ஆள் ஒருவன், அன்று கடையில் கிடைத்ததை வைத்து என்ன செய்திருப்பான்? அதற்கு மேல் ஒரு நட்டுகூட வரக் கூடாது.

நான் இரண்டாவது கட்சி. அந்தக் காலத்து கார்பரேட்டர் இரண்டு, அந்தக் காலத்து ஸ்டியரிங், அந்தக் காலத்து நூல் சுற்றிய வயர் என்று சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கி வாங்கினேன்.

என் நைனாவுக்கு இந்த விதி இன்றுவரை பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு பிறகுதான் பேசுவார்.

"நல்லா இருந்த வண்டிய நீயே அறுத்துட்ட. செரி. இப்ப அது பழைய மாதிரி இல்லன்னு நீயே சண்ட போடற. இன்னா படிப்புமா இது?"

இதற்கு நான் மூன்று பதில்கள் தயார் செய்தேன். மூன்றுமே அவரிடம் எடுபடவில்லை.

விதியில் எனக்கு இருந்த பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. சென்னையில் பழைய கார்கள் சேர்க்கிற ஒருவர் என்னிடம் மூன்று வண்டிகளைக் கட்டத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனை: புதுச்சேரிக் கண்காட்சியில், இந்த விதிப்படி கட்டிய வண்டிகளுக்கான 'காலப்படி' பிரிவில் என் வண்டி தேற வேண்டும். அந்த மூன்று வந்தால் ஷெட் நிற்கும். வராவிட்டால் ஒரகடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். பழைய மேலாளர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பதாகவும், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

யாருடைய காலம்?

முதல் சண்டை பெயின்ட்டில் வந்தது. நான் கறுப்பு என்றேன். பத்மா அக்கா ஒரு புடவையைக் கொண்டுவந்து பானெட்டின் மேல் விரித்தார்.

"இந்தக் கலர்."

வெங்காயத் தோல் நிறம். மாலை வெயிலில் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

"வெங்காயமே சாப்பிட மாட்டீங்க. வெங்காயக் கலர் மட்டும் வேணுமா?"

"கலர்ல இன்னா உயிரா இருக்குது?"

"அந்தக் காலத்துல இந்தக் கலர் கார் கிடையாதுக்கா."

"எந்தக் காலத்துல?"

வருடத்தைச் சொன்னேன்.

"அந்த வருஷம் செஞ்சில ஹாட் ராட் இருந்துதா?"

"இல்ல."

"அப்ப எந்த ஊரு காலத்த நீ பாக்கற? எவனோ அமெரிக்காக்காரன் அவன் ஊர்ல இருந்த கடைக்குப் போயி வாங்கினான். நம்ம ஊருக்காரன் அன்னிக்கு வண்டிய அறுத்திருந்தா எங்க போயிருப்பான்? லாரி ஷெட்டுக்குத்தான். லாரிக்காரன் இன்னா கலர் வச்சிருந்தானோ அதத்தான் அடிச்சிருப்பான்."

நான் கொஞ்சம் ஆடிப்போனேன். இது நான் யோசிக்காத வாதம். அன்று இரவே அதை விரித்து எழுதினேன்: உள்ளூர் லாரி, உள்ளூர் பஸ், உள்ளூர் குஷன் கடை. மறுநாள் உற்சாகமாக அவரிடம் படித்துக் காட்டினேன். அதாவது, அக்கா சொன்ன கலரும் ஒரு வகையில் காலப்படி சரிதான்!

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"சும்மா உன் வாய அடைக்கச் சொன்னேன் தேனு. எனக்குப் புடிச்சிருக்குது. அதுக்கு எதுக்குக் காலம்?"

இரண்டாவது சண்டை சீட். காலப்படி என்றால் தோல். எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கும் சந்தேகமே இல்லை.

"தோல் மேல நான் உக்கார மாட்டேன்."

"உங்க செருப்பு?"

"ரப்பரு."

"பட்டுப் புடவ?"

"கட்டறத விட்டு வருஷக்கணக்காவுது. இது காட்டன். தொட்டுப் பாரு."

திருவண்ணாமலை ரோட்டில் குஷன் கடை வைத்திருக்கும் ரஷீத் பாய் அளவு எடுக்க வந்தவர், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தோலா, ரெக்ஸினா? நீங்க பேசி முடிங்க. நான் டீ சாப்ட்டு வரேன்."

அவர் டீ சாப்பிட்டு வந்தார். நாங்கள் முடிக்கவில்லை. "இன்னொரு டீ சாப்டுறேன்" என்று போய்விட்டார்.

மலைக்குப் பின்னால் சூரியன்

எங்கள் சண்டைகளுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. பொழுது சாய்வதற்குள் அவை முடிந்துவிடும். பத்மா அக்கா வீட்டில் இருட்டிய பின் சாப்பிட மாட்டார்கள். நான் என் வாதத்தின் உச்சியில் இருக்கும்போது அவர் மேற்கே பார்ப்பார், பையை எடுப்பார்.

செஞ்சியில் மேற்கே கோட்டை மலை நிற்கிறது. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போய்விட்டால் அவருக்கு அன்றைய கணக்கு முடிந்தது.

"அஸ்தமனம் இன்னும் ஆகலக்கா. மலை மறைக்குது, அவ்ளோதான். மலைய விட்டுத் தள்ளி, தளவானூர்ல இருந்து பாத்தா இன்னும் தெரியும்" என்று ஒரு நாள் செல்போனில் நேரத்தைக் காட்டினேன்.

"நான் தளவானூர்லயா சாப்டப் போறேன்?"

ஸ்கூட்டர் போய்விட்டது.

அப்படி ஒரு மாலையில்தான், அவர் ஸ்கூட்டரில் ஏறியபடியே, ஒப்பந்தம் போட்டார். "கண்ணுல படறதும் உடம்புல படறதும் என்னுது. காதுல கேக்கறது உன்னுது. போதுமா?"

அதாவது நிறமும் சீட்டும் அவருக்கு. இன்ஜின், கார்பரேட்டர், சைலன்ஸர், சத்தம் எனக்கு. நான் ஒத்துக்கொண்டேன். பழைய வண்டியில் வேறு நிறம் அடித்திருந்தால் நடுவர்கள் கண்டும் காணாமல் விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சீட்டுக்கு, அவர் வேண்டாம் என்று வீசியெறிந்த லாரி வாதத்தை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். ரஷீத் பாய் பச்சை ரெக்ஸின் போட்டு, வெள்ளைக் கரை வைத்துத் தைத்தார். பஸ் சீட் மாதிரியே இருந்தது.

விளக்குத் திரி

இப்போது எலிக்கு வருவோம்.

மில் குடோனில் எலி இருப்பது செய்தியல்ல. ஆனால் அந்தக் குடோனில் மருந்து வைக்க மாட்டார்கள். அடிக்கிற பொறியும் கிடையாது. கூண்டு மட்டும்தான். மாட்டியதைப் பத்மா அக்கா ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போய் மலை அடிவாரத்தில் திறந்துவிட்டு வருவார். காது கிழிந்த எலி ஒன்று உண்டு. அதை அவர் மூன்று நான்கு தடவை கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"அதுக்கு ஒரு பஸ் பாஸ் எடுத்துக் குடுத்துடலாம்கா" என்பேன்.

"நீ மட்டும் ஒரகடத்துல இருந்து திரும்பி வரல? அதுக்கும் ஊரு புடிச்சிருக்குது."

எலிகளின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் செய்ததைப் பாருங்கள். நூல் சுற்றிய வயர்ச் சுருளை வாங்கி வந்து, மாதக்கணக்கில் புண்ணாக்கு மூட்டையின் மேல் வைத்திருந்தேன். பருத்தி நூல் எண்ணெயைக் குடிக்கும் என்பது கார்த்திகை விளக்கு ஏற்றுகிற எந்தக் குழந்தைக்கும் தெரியும். நான் நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்தவள். மல்லாட்டை எண்ணெயில் ஊறிய திரியைப் பேட்டரியிலிருந்து பின்விளக்கு வரை கார் முழுக்க இழுத்து, அழகாகக் கிளிப் போட்டு வைத்திருந்தேன். எலிகள் தின்றதால் நாங்கள் பிழைத்தோம் என்றும் சொல்லலாம். அன்று காலை எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

"இந்த வயரு இல்லன்னா உள்ளயே சேத்துக்க மாட்டாங்களா?" பத்மா அக்கா கேட்டார்.

கண்காட்சியின் விதித்தாளை எடுத்து உரக்கப் படித்தேன். பாதுகாப்புக் கருதி வயர், பிரேக், டயர் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

பத்மா அக்கா தாளை வாங்கிப் பார்த்தார்.

"அவங்களே வேணான்னு எழுதி வச்சிருக்காங்க. நீ எதுக்குத் தேடித் தேடி வாங்கின?"

"முழுசா இருக்கட்டும்னு."

"எலிக்குக்கூட ரூல்ஸு தெரிஞ்சிருக்குது."

அம்மா எலியின் வசதிப்படி

புது வயர் இழுக்க வேண்டும். அதற்குப் பின் சீட்டைத் தூக்க வேண்டும். பின் சீட்டின் அடியில் குஞ்சுகள்.

"ஒரு அட்டப் பெட்டில எடுத்து வச்சுடலாம்கா."

"நீ தொட்டா வாசன மாறிடும். அது வந்து பாத்துட்டு விட்டுட்டுப் போயிடும். சத்தம் இல்லாம வுடு. அதுவே எடத்த மாத்திக்கும்."

"கண்காட்சிக்கு நாள் இல்லக்கா."

"அதுக்கு நாளு கெழமை தெரியுமா?"

அவர் குடோனின் அந்தக் கோடியில் பழைய சாக்கையும் கொஞ்சம் புண்ணாக்கையும் வைத்தார். காரின் கதவைத் திறந்து வைத்தார். என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி மேலே வைத்தார். அன்று ஷெட்டில் வேலை இல்லை. நான் வாசலில் உட்கார்ந்து, செய்ய வேண்டியதை எழுதினேன். பிறகு எதை விட்டுவிடலாம் என்று எழுதினேன். இரண்டாவது தாள் நீளமாக வந்தது.

மறுநாள் காலை கூட்டில் நூல் மட்டும் இருந்தது. குஞ்சுகள் சாக்குக்குப் போய்விட்டன. வீடு மாற்றியது காது கிழிந்த எலிதானா என்று நாங்கள் இன்னும் பேசிக்கொள்கிறோம்.

அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதுகூட வண்டிக்கு அடியில்தான். சாதாரணக் கறுப்பு வயர்; எந்தக் கடையிலும் கிடைப்பது. கிளம்புகிற அன்று விடியலில் சாவியைத் திருப்பினேன். இரண்டு விளக்கும் எரிந்தன.

நடுவரும் புடவையும்

கண்காட்சி கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில். நடுவர் கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. இன்ஜினைப் பார்த்தார். கார்பரேட்டர்களைப் பார்த்தார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார். சத்தத்தைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். என் பக்கத்தில் நின்ற சென்னைக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்பில் மூன்று வண்டியும் ஷெட்டுக்குள் வந்து நின்றதாகவே எனக்குத் தோன்றியது.

"இந்தக் கலர் எந்த வருஷத்துக் கலர்?" என்று நடுவர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பத்மா அக்கா சொல்லிவிட்டார். "போன தீபாவளிக்கு எடுத்த பொடவைங்க."

நடுவர் சிரித்தார். கலரை விட்டுவிடலாம் என்றார். சீட்டைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. நான் லாரி வாதத்தை ஆரம்பித்தேன். உள்ளூர் பஸ், உள்ளூர் குஷன் கடை. பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா எங்க புத்தகத்துல இல்லையே."

சென்னைக்காரர்தான் வழி சொன்னார். மைதானத்திலேயே ஒரு கடையில் பழைய தோல் உறை இருக்கிறது; அளவு சரியாகவே இருக்கும்; மதியம் மதிப்பெண் போடும்வரை மாட்டி வைத்தால் போதும். ஒரு மணி நேரம். நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "மாட்டியிருந்தா நான் மாட்டியிருக்கறதத்தான் பாப்பேன்" என்றார்.

நான் போய் உறையைக் கையில் வாங்கிவிட்டேன். கனமாக இருந்தது. நல்ல வேலைப்பாடு. தையல் ஒன்றுகூடப் பிசகவில்லை.

பத்மா அக்கா வேப்ப மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"போட்டுக்கோ" என்றார்.

"நெஜமாவா?"

"போட்டுக்கோ. திரும்பிப் போறப்ப நான் பஸ்ல வரேன். திண்டிவனம் போயி மாறணும், அவ்ளோதான்."

கேலிதான் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உனக்கு இந்த வேலை எவ்ளோ வேணும்னு எனக்குத் தெரியும் தேனு. அதான் வேணாம்னு சொல்லல. தோல போட்டுட்டுக் கழட்டிட்டா ஒண்ணும் ஆயிடாதுன்னு நீ நெனைக்கற. எனக்கு அப்படி நெனைக்க வரல. அது என் கொறை. நீ பாரு."

அவர் மூடியில் எனக்கும் புளிசாதம் வைத்தார். நான் நின்றபடியே சாப்பிட்டேன். உறை என் தோளில் கிடந்தது. அவர் அதன் பக்கம் பார்க்காமல் வேறெதையோ பேசினார். பிறகு நான் போய் உறையைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

"ஒரு மணி நேரம்தானேம்மா?" சென்னைக்காரருக்கு நிஜமாகவே வருத்தம்.

"அந்த ஒரு மணி நேரம் வண்டிக்கு ஓனர் இருக்க மாட்டாங்க சார்."

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நீ நல்லா வேலை செய்யற. ஆனா உன்கிட்ட குடுத்தா, என் வண்டிக்கும் யாராவது பொடவையக் கொண்டாந்து விரிப்பாங்க." கை குலுக்கிவிட்டுப் போனார்.

வண்டியை, பிடித்ததையெல்லாம் பூட்டுகிறவர்களின் 'சொந்த ரசனை' வரிசைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் பரிசு கிடைக்கவில்லை. உள்ளே சோபாவும் மீன்தொட்டியும் வைத்திருந்த ஒரு வேனுக்குப் போயிற்று.

"ஸ்பீட் பிரேக்கர்ல அந்த மீனுங்க இன்னா ஆவும்?" என்று பத்மா அக்கா அதன் உரிமையாளரிடமே கேட்டார். அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும்போது பத்மா அக்கா ஓட்டினார். திண்டிவனம் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அந்தச் சத்தம் எழுந்தது. பனைமரங்கள் பின்னால் ஓடின. நான் மேற்கே பார்த்தேன். சூரியன் இன்னும் உயரத்தில் இருந்தது. அவர் மிதித்தது அதற்காக இல்லை.

"காதுல கேக்கறது நல்லாத்தான் இருக்குது" என்றார்.

இப்போதைய நிலவரம்

சென்னைக்காரரின் மூன்று வண்டிகளும் வரவில்லை. ஒரகடத்து மேலாளரிடம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நைனா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, இப்போது பேசுகிறார்.

பத்மா அக்கா அந்த வண்டியில்தான் அனந்தபுரம் சந்தைக்குப் போகிறார். ஷெட்டில் இப்போது ஒரே ஒரு வேலை இருக்கிறது. சந்தையில் வண்டியைப் பார்த்துவிட்டு வந்த ஒரு விவசாயியின் பழைய டிராக்டர். இன்ஜினைப் பிரித்து வைத்திருக்கிறேன். அவர் மயில் நீலம் அடிக்க வேண்டும் என்கிறார். அந்த டிராக்டர் பிறந்தபோது இருந்த சிவப்பை அவருக்கு நான் காட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.